கொழும்பின் வித்தியாசாலைகள் – 9: பதாகைகளும் வகுப்பறைகளும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில், வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைச் சந்திகளிலும், சித்தியெய்திய பிள்ளைகளின் படங்களோடு ‘3 ஏ’ என்று பொறித்த பதாகைகள் தொங்கக் கண்டு, கெட்டிக்காரப் பிள்ளையை உடைய பெற்றோர், எந்தப் பாடசாலை சிறந்தது என்ற வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதாகவே எண்ணிவிடுகின்றனர். அந்த விடை பூரணமானதன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

75 புள்ளி பெற்றவருக்கும் 95 பெற்றவருக்கும் கிடைப்பது ஒரே ‘ஏ’தான், மருத்துவ பீடத்துக்கோ பொறியியல் பீடத்துக்கோ செல்வதைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. அதிலும், அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவதால், போட்டி மிகுந்த கொழும்பு மாவட்டத்துப் பிள்ளை முல்லைத்தீவுப் பிள்ளையைவிடப் பொதுவாக உயர்ந்த வெட்டுப்புள்ளியை எட்டவேண்டியிருக்கிறது. எழுபதுகளின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலால் காயம்பட்ட தமிழ்ச் சமூகம் இம்முறையைச் சஞ்சலத்தோடு நோக்குவது இயல்பே. ஆயினும் வன்னிக்கும் மலையகத்துக்கும் அது திறந்துவிட்ட வாயிலைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. கொழும்புப் பெற்றோர் அறியவேண்டியது, ‘ஏ’ என்ற எல்லையோடு நின்றுவிடும் போதனை தம் பிள்ளைக்குப் போதாது என்பதே.

அடுத்தது, பிள்ளைகள் வந்துசேரும் வழி. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் மிக உயர்ந்த புள்ளி பெற்ற சிறுவர்களைத் தெரிந்தெடுத்து ஆறாந் தரத்திற் சேர்த்துக்கொள்ளும் றோயல் கல்லூரியின் தமிழ்மொழிப் பிரிவு, எட்டாண்டுகளுக்குப் பின் உயர்ந்த பெறுபேறு காட்டுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அக்கல்லூரியின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆனால் துறைமுகத்தையும் புறக்கோட்டை வியாபாரத்தையும் நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த கொட்டாஞ்சேனையில், சாதாரணப் புள்ளியோடு வந்த ஒரு பிள்ளையை, உபாத்தியாயர்கள் தம் பிரயாசையால் பொறியியல் பீடம் வரை உயர்த்துவார்களாயின், அங்கேதான் போதனையின் வலிமையை நான் காண்கிறேன்.

இவ்விரண்டையும்விடச் சிக்கலானது ரியூசன். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மாலைதோறும் நிரம்பி வழியும் பிரத்தியேக வகுப்புகளில் உருவான பெறுபேற்றைப் பாடசாலை தன்னுடையதென்று பதாகையில் எழுதிக்கொள்ளும்போது, அதைப் பார்த்துப் பாடசாலையை மதிப்பிடுவது எங்ஙனம்? ஆகவே பெற்றோர் ஒரு சாதாரண வேலைநாளின் முற்பகலில் அங்கு சென்று, பதின்மூன்றாந் தர வகுப்பில் மாணவர் இருக்கிறார்களா, இருக்கைகள் மட்டும் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். அங்குள்ள ஒரு மாணவனிடம், “தம்பி, இணைந்த கணிதத்தை இங்கேயா படித்து முடித்தீர்கள், வெளியிலா? ஆய்வுகூடத்தில் மீற்றர்ப் பாலத்தை நீங்களே கையால் தொட்டு அளவெடுத்ததுண்டா? பௌதிகவியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனபோது, அடுத்தவர் வரும்வரை வகுப்பை யார் எடுத்தார்?” என்று கேட்கவேண்டும்.