9,000 ரூபாய் ஃப்ரேம் எனக்கு 18,500 ஆன கதை: சிங்கிள்ஸ்பீட் சைக்கிள் கட்டப்போறீங்களா?

போன வீடியோவில் எனக்குப் பின்னாடி சுவரில் சாய்ந்து நின்ன சிவப்பு சைக்கிளைக் கவனிச்சிருப்பீங்க. கியர் கிடையாது. தரமணி வழியா ஆபீசுக்கு தினமும் அதில்தான் போறேன். அது என்னோட இரண்டாவது ஃப்ரேம். முதல் ஃப்ரேம் மாடிப்படிக்குக் கீழ தூசி படிஞ்சு கிடக்கு. இந்தப் பதிவு அதைப் பத்திதான்.

சென்னை மாதிரி சமதளமான ஊருக்கு ஒரே கியர் தாராளமா போதும். முன்னாடி 42 பல், பின்னாடி 17 பல், 28 மி.மீ டயர்னு வச்சுக்கோங்க. நிமிஷத்துக்கு 80 சுற்று மிதிச்சா மணிக்கு சுமார் 25 கி.மீ வேகம் வரும். டீரெய்லர், ஷிஃப்டர், கேசட்னு எதுவும் இல்லாததால பராமரிப்புச் செலவும் குறைவு. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நானும் இறங்கினேன்.

ஒருத்தர்கிட்ட பழைய அலுமினிய சைக்ளோகிராஸ் ஃப்ரேம் 9,000 ரூபாய்க்குக் கிடைச்சது. கையில் தூக்கினா இறகு மாதிரி. அதே வாரம் ஒரு ஸ்டீல் ஃப்ரேமை 14,000-க்குப் பார்த்துட்டு, 'ஐயாயிரம் மிச்சம்'னு சந்தோஷமா இதை வாங்கிட்டேன். அதுக்கப்புறம் வந்த பில்லைப் பாருங்க. செயின் டென்ஷனர் 1,400. பாட்டம் பிராக்கெட் பிரஸ்-ஃபிட்ங்கறதால அதுக்கு அடாப்டர், மாட்டும் கூலியோட 2,600. என்கிட்ட இருந்த பின்சக்கரம் 130 மி.மீ, ஃப்ரேம் கேட்டது 135. அதனால வேற சக்கரம் 5,500. மொத்தம் 18,500. கடைசி பில்லுக்கு எமர்ஜென்சி ஃபண்டில் கைவைக்க வேண்டியதாப் போச்சு. எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி மூணு வீடியோ போட்டவன் நான்!

எல்லாத்துக்கும் மூலகாரணம் டிராப்அவுட். பின்சக்கர அச்சு உட்கார்ற காடிக்கு அதுதான் பேர். கியர் சைக்கிளில் செயின் லூஸானா டீரெய்லர் ஸ்பிரிங் இழுத்துப் பிடிச்சுக்கும். சிங்கிள்ஸ்பீடில் அது இல்லை. அச்சைப் பின்னாடி தள்ளித்தான் டைட் பண்ணணும். செயினை ஒரு இஞ்ச் கணக்கில்தான் குறைக்க முடியும். ஒரு இஞ்ச் குறைச்சா அச்சு அரை இஞ்ச், அதாவது 12.7 மி.மீ முன்னாடி வரணும். அந்த அளவுக்காவது காடி படுக்கைவசமா நீளமா இருக்கணும். என் ஃப்ரேமில் காடி செங்குத்து, அச்சு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. த்ரூ ஆக்ஸில் ஃப்ரேம்களிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

டென்ஷனர் போட்டு ஓட்டலாம். நானும் எட்டு மாசம் ஓட்டினேன். ஆனா என்னோடது செயினைக் கீழ்நோக்கித் தள்ற வகை. அப்படித் தள்ளும்போது பின் பல்சக்கரத்தை செயின் சுத்திப் பிடிக்கிற பற்கள் குறையும். ஒருநாள் சிக்னல் பச்சையானதும் எழுந்து நின்னு மிதிச்சேன், செயின் கழண்டுச்சு. முட்டி நேரா ஹேண்டில்பாரில். பின்னாடி வந்த பஸ் டிரைவர் சுதாரிச்சு பிரேக் போட்டதால இதை எழுதிட்டிருக்கேன். செங்குத்துக் காடி ஃப்ரேம் ஏற்கனவே வீட்டில் இருந்தா, செயினை மேல்நோக்கித் தள்ற டென்ஷனர் வாங்குங்க. எக்சென்ட்ரிக் ஹப் இன்னும் நல்லது, ஆனா விலை அதிகம்.

புதுசா எடுக்கிறவங்க படுக்கைக் காடியிலும் ஒண்ணு கவனிக்கணும். டிராக் சைக்கிள் ஃப்ரேமில் காடி பின்பக்கம் திறந்திருக்கும். மட்கார்ட் மாட்டினா சக்கரத்தை வெளியே எடுக்கிறது பெரும்பாடு. முன்பக்கம் திறக்கும் காடியில் இந்தத் தொல்லை இல்லை. டிஸ்க் பிரேக்னா காடியோட காலிப்பரும் சேர்ந்து நகர்ற ஸ்லைடிங் வகைதான் சரி. இல்லைன்னா ஒவ்வொரு தடவை செயின் டைட் பண்ணும்போதும் பிரேக்கையும் திருத்தணும்.

ரோடா, சைக்ளோகிராஸானு கேட்டா, நம்ம ஊர் மழைக்காலத்துக்கு என் ஓட்டு சைக்ளோகிராஸுக்கு. அந்தப் போட்டிகளில் டயர் அகல வரம்பு 33 மி.மீ. அதோட சேறு ஒட்டவும் இடம் விட்டுத்தான் ஃப்ரேம் செய்வாங்க. பழைய ரேஸ் ஃப்ரேம்கள் பலதில் 25-க்கு மேல டயர் உள்ளே போகாது.

மெட்டீரியல் விஷயத்தில் நான் ஸ்டீல் கட்சி. எடை கூடத்தான், கடல் காத்துக்குத் துருவும் பிடிக்கும், உள்ளே எண்ணெய் தெளிச்சு வைக்கணும். ஆனா பழைய 126 மி.மீ ஸ்டீல் ஃப்ரேமை விவரம் தெரிஞ்ச மெக்கானிக் 130-க்கு விரிச்சுத் தருவார். அலுமினியம், கார்பனில் அதை முயற்சியே பண்ணாதீங்க. பாட்டம் பிராக்கெட் மரை போட்ட 68 மி.மீ-ஆ இருந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

'தாத்தாவோட பழைய சைக்கிள் வீட்டில் இருக்கே?'ன்னா, ஆசை நியாயம்தான். அதோட 28 இஞ்ச் ரிம் 635 மி.மீ, இன்னைய 700சி ரிம் 622. சக்கரம் உள்ளே போயிடும், ஆனா ரிம் 6.5 மி.மீ தள்ளி நிக்கும். ராட் பிரேக்கும் உதவாது, அது ரிம்மோட உள்பக்கத்தில் பிடிக்கிறது. அதை அப்படியே சுத்தம் பண்ணி ஓட்டுங்க, அழகா இருக்கும்.

இனி காசு. ஃப்ரேம் பார்க்கப் போகும்போது ஒரு டேப்பும், சக்கரம், கிராங்க், பிரேக், சீட்போஸ்ட் என்னென்ன கேட்கும்னு ஒரு தாளும் எடுத்துட்டுப் போங்க. ஒவ்வொண்ணுக்கும் விலை எழுதின பிறகுதான் ஃப்ரேம் விலையைப் பேசணும். புதுப் பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு, அதையும் கணக்கில் எடுத்துக்கோங்க. நோ-காஸ்ட் இஎம்ஐ-ன்னு கார்டில் தேய்ச்சா வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி தனியா வரும். பல கார்டுகளில் பிராசஸிங் கட்டணமும் உண்டு.

அந்த 14,000 ரூபாய் ஸ்டீல் ஃப்ரேம்தான் இப்போ சிவப்பா நிக்கிறது. திரும்பப் போய்க் கேட்டப்போ 15,500 சொன்னார். பேரம் பேசாம கொடுத்துட்டு வந்தேன்.