நெட்டிலிங்க மரத்தில் ஒரு கூடாரம்: வவ்வாலின் குடும்பமும் அதன் உடலும்

மக்ரிப் தொழுது வெளியே வரும்போது தலைக்கு மேலே இரண்டு மூன்று நிழல்கள் சடசடவென்று போகும். நமக்கு நாள் முடிகிற அந்த நேரம்தான் வவ்வாலுக்கு விடியல். சென்னீர்குப்பம், பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் வீட்டு வாசலில் பாதாம் மரமோ கொய்யாவோ வைத்திருப்பவர்களுக்கு மறுநாள் காலை என்ன காத்திருக்கும் என்று தெரியும்: பாதி கடித்த பழமும், மென்று துப்பிய சக்கையும், சுவரில் கறையும். 2018இல் கேரளத்தில் நிபா வந்த பிறகு எரிச்சலோடு பயமும் சேர்ந்துகொண்டது. "மரத்தையே வெட்டிவிடலாம்" என்ற பேச்சு அப்படித்தான் எழுகிறது.

பயத்தில் நியாயம் இருக்கிறது. கடிபட்ட பழத்தைப் பிள்ளைகள் தொடக் கூடாது, விழுந்து கிடக்கும் வவ்வாலை வெறுங்கையால் எடுக்கக் கூடாது. ஆனால் இந்தியாவில் நிபா கிருமியின் இருப்பிடமாக அறியப்பட்டது ஆலமரங்களில் நூற்றுக்கணக்கில் தொங்கும் பெரிய பழந்தின்னி வவ்வால். நம் தெருவில் பெரும்பாலும் வருவது அதுவல்ல. ஐம்பது கிராம் அளவே எடையுள்ள குறுமூக்குப் பழந்தின்னி அது. கைக்குள் அடங்கிவிடும் இந்த உயிரின் குடும்ப வாழ்க்கை வியப்பானது.

பள்ளிக்கூடங்களிலும் மதில் ஓரங்களிலும் நெட்டிலிங்க மரங்கள் வரிசையாக நிற்குமே, சிலர் அசோக மரம் என்பார்களே, அதன் கிளைகள் கீழ்நோக்கித் தழைந்திருக்கும். ஆண் வவ்வால் அந்தத் தழைக்குள் நுழைந்து, உட்பக்கத்துச் சிறு குச்சிகளையும் இலைகளையும் பல்லால் கடித்துக் கடித்து நீக்கி, மணியைக் கவிழ்த்தாற்போல் ஒரு குழிவை உண்டாக்கும். வெளியே இருந்து பார்த்தால் மரம் மரமாகவே தெரியும். பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரியின் பாலசிங், கோயில்ராஜ் ஆகியோர் அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் குன்ஸுடன் சேர்ந்து இந்தக் கூடாரம் கட்டும் வேலையைக் கவனித்து 1995இல் எழுதினார்கள். ஒரு கூடாரம் முடிய வாரக்கணக்கில் ஆகும். கட்டுவது ஆண் மட்டுமே. கூந்தல்பனையின் பழக்குலையிலும் நடுச்சரங்களை அறுத்து இதே போல் இடம் செய்துகொள்ளும்.

கூடாரம் இருந்தால் பெண்கள் வந்து தங்கும். ஓர் ஆணைச் சுற்றிச் சில பெண்கள் இருக்கும், சில இடங்களில் பத்துக்கும் மேல். கூடாரமில்லாத ஆண்கள் பக்கத்து மரங்களில் தனியாகவோ சிறு கூட்டமாகவோ தொங்கும். ஆக, இடமே போட்டிப் பொருள். இந்த ஏற்பாடு உடலின் வளர்ச்சியிலேயே பதிந்திருக்கிறது. பெண் ஐந்தாறு மாதத்திலேயே கருத்தரிக்கும் பருவத்தை அடைந்துவிடும். ஆணுக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். சீக்கிரம் பருவமடைந்து என்ன பயன்? கூடாரம் கட்டவும், கட்டியதைக் காக்கவும் வலுவில்லாத ஆணிடம் பெண் வரப்போவதில்லை. அதனால் அவசரமில்லாமல் வளரும் ஆண்களே தலைமுறை தலைமுறையாக அதிகச் சந்ததியை விட்டுச் சென்றன. பரிணாமம் என்பது இப்படித்தான் நடக்கிறது.

எல்லா வவ்வாலுக்கும் இதே வழி இல்லை. வீட்டு விரிசல்களில் ஒண்டும் சிறிய பூச்சித்தின்னிகளை நம் ஊர்களில் துரிஞ்சில் என்பார்கள். இவற்றில் பல வகைகள் ஆணும் பெண்ணுமாகப் பெருங்கூட்டமாக நெருக்கியடித்து வாழும். அங்கே எந்த ஆணாலும் ஒரு பெண்ணைக் காவல் காக்க முடியாது. ஒரு பெண் பல ஆண்களோடு சேரும்போது போட்டி அவளது உடலுக்குள் போய்விடுகிறது. எந்த ஆண் அதிக உயிரணுக்களைத் தருகிறதோ அதற்கே வாய்ப்பு. விளைவாக ஆணின் விரைகள் பெருத்துவிடுகின்றன. வவ்வால் இனங்களில் அவை உடல் எடையில் 0.12 சதவீதத்திலிருந்து 8.4 சதவீதம் வரை வேறுபடுகின்றன. எழுபது கிலோ மனிதருக்கு அந்த மேல் அளவைப் பொருத்திப் பார்த்தால் கிட்டத்தட்ட ஆறு கிலோ!

பெண்ணின் உடலும் மாறுகிறது. மஞ்சள் வயிற்றுத் துரிஞ்சிலில் இணைசேர்க்கை ஜனவரியில் நடந்தாலும் கருமுட்டை வெளிவருவது மார்ச் வாக்கில்தான். இடைப்பட்ட வாரங்களில் ஆணின் உயிரணுக்களைப் பெண் தன் உடலில் உயிரோடு வைத்திருக்கிறது என்பதைக் காசிப் பல்கலைக்கழகத்தின் அமிதாப் கிருஷ்ணாவும் டொமினிக்கும் 1978இல் எழுதினார்கள். ஐரோப்பாவில் ஒரு வகை ஆறு மாதத்துக்கும் மேல் அப்படிச் சேமிக்கிறது. மற்ற பாலூட்டிகளில் அந்த உயிரணுக்கள் வழக்கமாகச் சில நாட்களுக்கு மேல் தாங்குவதில்லை.

ஆப்பிரிக்காவின் சுத்தித்தலை வவ்வால் இன்னொரு எல்லை. ஆண்கள் ஆற்றோரம் வரிசையாகத் தொங்கிக்கொண்டு கத்தும், பெண்கள் பறந்து வந்து தேர்ந்தெடுக்கும். கத்துவதற்கான குரல்வளை ஆணின் உடலுக்குள் பாதிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். எடையும் பெண்ணைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. காபோன் நாட்டில் நடந்த கணக்கெடுப்பைப் பற்றி ஜாக் பிராட்பரி 1977இல் எழுதியபோது, 6 சதவீத ஆண்களே 79 சதவீத இணைசேர்க்கையைப் பெற்றது தெரிந்தது. மீதி ஆண்கள் கத்தியதெல்லாம் வீண்தான், பாவம்.

உடலிடம் இருக்கும் சக்தி அளவானது. ஒன்றில் அதிகம் போட்டால் இன்னொன்றில் குறையுமா? மூளை அதிகச் சக்தியைத் தின்னும் உறுப்பு. ஸ்காட் பிட்னிக் குழுவினர் 334 வகை வவ்வால்களை ஒப்பிட்டு 2006இல் வெளியிட்ட முடிவு இது: பெண்கள் பல ஆண்களோடு சேரும் இனங்களில் மூளை சிறியதாகவும், ஒரே ஆணோடு இருக்கும் இனங்களில் பெரியதாகவும் இருந்தது. ஆண் பல பெண்களோடு சேர்வதால் மூளை அளவில் வித்தியாசம் தெரியவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு மனிதர்களுக்குப் பாடம் எடுத்த செய்திகள் அன்று நிறைய வந்தன. அது தவறு. 2009இல் மற்ற பாலூட்டிகளில் தேடியபோது இந்த ஏற்ற இறக்கம் கிடைக்கவில்லை. எதிரொலி கேட்டுப் பறக்கும் வவ்வால்களில் மட்டும் அது மீண்டும் தெரிந்தது. பறப்பதற்கே பெரும் சக்தி செலவாகும் உடலில் கணக்கு இறுக்கமாக இருப்பது காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

நம் தெருவுக்குத் திரும்புவோம். குறுமூக்குப் பழந்தின்னி ஆண்டுக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் ஒரே குட்டி போடும். பிப்ரவரி-மார்ச்சில் ஒன்று, ஜூன்-ஜூலை வாக்கில் ஒன்று. குட்டி பிறக்கும்போதே தாயின் எடையில் நாலில் ஒரு பங்கு இருக்கும். அறுபது கிலோ தாய் பதினைந்து கிலோ பிள்ளையைப் பெறுவதைப் போல. அதைச் சுமந்துகொண்டு பால் கொடுக்கும் வாரங்களில் அந்தக் கூடாரம் போனால், ஆணின் பல வார உழைப்பும் போய், தாய்களும் சிதறிவிடும்.

கிளை கழிக்கத்தான் வேண்டுமென்றால் முந்தைய நாள் பகலில் யாராவது மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். தழைக்குள் குழிவும், அதில் நெருக்கமாகத் தொங்கும் பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால், அந்த ஒரு கிளையைக் குட்டிகள் பறக்கும் வரை விட்டுவைத்து மற்றதைக் கழிக்கலாம்.