மாண்ட்ரியல் ஜாஸ் விழாவுக்குப் போகிறீர்களா?

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆண்டுதோறும் ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை முதல் வாரம் வரை, பத்து நாள் போல ஜாஸ் விழா நடக்கும். 1980-இல் ஆரம்பித்தது. உலகிலேயே பெரிய ஜாஸ் விழா என்று 2004-இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. விழா நடக்கும் சமயத்தில் உறவினர் வீட்டுக்கோ வேலையாகவோ அங்கே போகிறீர்கள் என்றால், கட்டாயம் எட்டிப் பாருங்கள்.

டிக்கெட்டுக்கு நிறையச் செலவாகுமா?

ஆகாது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கச்சேரிகள் இலவசம். நகர நடுவில் உள்ள 'ப்ளாஸ் தேஸ் ஆர்ட்ஸ்' கலையரங்கைச் சுற்றிய தெருக்களில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு மேடை போட்டிருப்பார்கள். ஒரு மேடை பிடிக்கவில்லையா, நடந்தே அடுத்த மேடைக்குப் போய்விடலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அப்படியானால் டிக்கெட்டே வாங்க வேண்டாமா?

ஒன்றே ஒன்று வாங்குங்கள், அதுவும் சின்ன அரங்குக்கு. ஏறக்குறைய 3,000 பேர் உட்காரும் பெரிய அரங்கும் அந்தக் கலையரங்கில் உண்டு. பெரிய பெயர்கள் அங்கேதான் வாசிப்பார்கள். ஆனால் முதல்முறை கேட்பவருக்கு நான் சொல்வது 'ஜெசு' அரங்கு. 1865-இல் கட்டிய ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. வாசிப்பவரின் முகமும் விரல்களும் அங்கே பக்கத்தில் தெரியும்.

ஜாஸ் எனக்குப் புரியாதே?

கர்நாடகக் கச்சேரி கேட்டிருக்கிறீர்களா? பாதி தெரிந்த மாதிரிதான். முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக சோலோ (ஒருவர் மட்டும் முன்னே வந்து வாசிப்பது) எடுப்பார்கள். அதில் வருவது பெரும்பாலும் எழுதி வைத்ததல்ல, அந்த நொடியில் தோன்றுவது. நம் மனோதர்மம் போலத்தான். கடைசியில் பழைய மெட்டுக்கே திரும்புவார்கள். முதலில் அந்த மெட்டை மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். அதை எங்கெங்கே இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று பின்தொடர்வதுதான் சுகம்.

பாட்டு நடுவே கைதட்டலாமா?

தட்டலாம், தட்ட வேண்டும். ஒவ்வொரு சோலோ முடியும்போதும் தட்டுவது வழக்கம். பேஸ் (ஆள் உயர வயலின் போன்ற, அடித்தொனி தரும் வாத்தியம்) வாசிப்பவரின் முறை வரும்போது மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். டிரம்ஸ்காரர் பெரும்பாலும் குச்சியை வைத்துவிட்டு, கம்பித் துடைப்பம் போன்ற பிரஷ்ஷை எடுப்பார். பியானோ அடங்கிவிடும். தடித்த கம்பியில் விரல் உரசும் ஓசைகூடக் காதில் விழும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிவிடாதீர்கள்.

எத்தனை மணிக்குப் போவது?

சாயங்காலம் போனால் போதும். அந்த மாதங்களில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டே முக்கால் ஆகிவிடும். பெரிய வெளிமேடைக் கச்சேரிகள் அதற்குப் பிறகுதான் களைகட்டும். மேடைக்கு முன்னால் நிற்க ஆசைப்பட்டால் சீக்கிரமே போய்விடுங்கள். மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும், நல்ல செருப்பு முக்கியம். ஒலிபெருக்கிக்கு அருகில் குழந்தையோடு நிற்காதீர்கள்.

திடீரென்று இடிமழை வரலாம். குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மேடை மறையும், அதனால் மழைக்கோட்டு கொண்டுபோங்கள். கலையரங்குக்கு எதிரே 'கோம்ப்ளெக்ஸ் தேஜார்தேன்' என்ற வணிக வளாகம் இருக்கிறது. மழைக்கு ஒதுங்க, சாப்பிட, கழிப்பறைக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் வசதி.

பகலில் என்ன செய்வது?

'லிட்டில் பர்கண்டி' பகுதிக்குப் போய் வாருங்கள். ரயில்வேயில் வேலை பார்த்த கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த இடம். பியானோ மேதை ஆஸ்கர் பீட்டர்சன் அங்கேதான் வளர்ந்தார். ஒரு கட்டடச் சுவர் முழுக்க அவர் படத்தை வரைந்திருக்கிறார்கள். இந்த நகர ஜாஸின் வேர் எங்கே இருக்கிறது என்று அந்தத் தெருக்களில் நடந்தால் புரியும்.

பிரெஞ்சு தெரியாவிட்டால்?

கவலை வேண்டாம். 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் பேசுங்கள். அந்த ஒரு சொல்லுக்கே முகம் மலரும். கடையில் எழுதியிருக்கும் விலையோடு ஏறக்குறைய 15 சதவீதம் வரி சேரும். உணவகத்தில் டிப்ஸ் தனி.

எங்கே தங்கலாம்?

விழாத் தெருவிலேயே தங்கினால் செலவும் அதிகம், தூக்கமும் போகும். மெட்ரோ நிலையத்துக்கு அருகே தங்குங்கள். விமான நிலையத்திலிருந்து 747 பேருந்து 24 மணி நேரமும் ஓடுகிறது. பெரி-யூகாம் மெட்ரோ நிலையத்தில் இறங்கிப் பச்சைப் பாதையில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் விழா இடம். வீடு வாடகைக்கு எடுப்பவர்கள் ஜூலை 1-ஐத் தவிர்த்து வந்து சேருங்கள். கியூபெக் மாகாணத்தில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் அன்றுதான் மாறும். தெருவெல்லாம் சாமான் லாரிகள் நிற்கும்.

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா வேண்டும். சில மாதங்கள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

திரும்பும்போது ஒன்று. நள்ளிரவு 12.30 வாக்கிலிருந்து மெட்ரோவில் கடைசி ரயில்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும். உங்கள் பாதைக்கு எத்தனை மணி என்று உள்ளே நுழையும்போதே நிலையத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரி முடிந்ததும் எல்லோரும் ஒரே படிக்கட்டுக்குத்தான் வருவார்கள்.