விண்ணில் நிலைத்த பெயர்கள்

செவ்வாய், வியாழன் ஆகிய கோள்களின் சுற்றுப்பாதைகளுக்கு இடையே எண்ணற்ற பாறைப் பொருள்கள் கதிரவனைச் சுற்றி வருகின்றன. இவற்றைச் சிறுகோள்கள் என்பர். கண்டறியப்பட்டவை பல இலட்சம். அவற்றுள் ஒரு சிறு பகுதியே பெயர் பெற்றுள்ளது. ஒரு சிறுகோளுக்குப் பெயர் சூட்டும் உரிமை யாருக்கு உண்டு? யாருடைய பெயர் விண்ணில் நிலைக்கத் தகும்? இவ்வினாக்களுக்கு வானியல் உலகம் படிப்படியாகவே விடை கண்டது.

1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், சிசிலித் தீவின் பலேர்மோ நகர வான்காணகத்தில் பியாத்சி என்னும் அறிஞர் முதல் சிறுகோளைக் கண்டறிந்தார். உரோமானியரின் வேளாண்மைத் தெய்வமாகிய சீரிஸின் பெயரோடு, தம் நாட்டு மன்னர் பெர்டினாண்டின் பெயரையும் இணைத்து அதற்குச் சூட்டினார். பிற நாட்டு அறிஞர்கள் மன்னரின் பெயரை ஏற்கவில்லை. சீரிஸ் என்பது மட்டுமே நிலைத்தது. அடுத்துக் கண்டறியப்பட்ட பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா ஆகியவையும் தொன்மக் கதைகளின் பெண் தெய்வங்களுடைய பெயர்களையே பெற்றன.

இவ்வரலாற்றில் சென்னைக்கும் இடமுண்டு. நுங்கம்பாக்கத்தில் இயங்கிய சென்னை வான்காணகத்தில் 1861ஆம் ஆண்டு ஏப்ரல் 17 அன்று போக்சன் என்பவர் 67ஆம் சிறுகோளைக் கண்டறிந்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் ஆதலின் அதற்கு 'ஆசியா' என்றே பெயரிட்டார். 1866இல் அவர் கண்ட மற்றொரு சிறுகோள் 'சில்வியா' எனப்பட்டது. உரோம நகரை நிறுவியதாகக் கூறப்படும் இரட்டையரின் அன்னை பெயர் அது. பின்னாளில் சில்வியாவை இரு துணைக்கோள்கள் சுற்றி வருவது தெரியவந்தபோது, அவை அம்மைந்தர்களின் பெயர்களாலேயே ரோமுலஸ், ரீமஸ் எனப்பட்டன.

இன்று பெயரிடுதலுக்குத் திட்டவட்டமான நெறிமுறைகள் உள்ளன. புதிதாகக் காணப்படும் பொருளுக்கு முதலில் தற்காலிகக் குறியீடு தரப்படும். காட்டாக, '1988 டி க்யூ 1' என்பதை நோக்குவோம். ஆண்டை இருபத்து நான்கு அரைத்திங்களாகப் பகுத்து, 'ஐ' நீங்கலான ஆங்கில எழுத்துகளால் குறிப்பர். அவ்வகையில் 'டி' என்பது பிப்ரவரியின் பிற்பகுதி. அடுத்துள்ள எழுத்தும் எண்ணும் அப்பகுதியில் கண்டறியப்பட்ட வரிசையை உணர்த்தும். 'க்யூ' பதினாறாம் எழுத்து. இருபத்தைந்து எழுத்துகளும் ஒரு சுற்று முடிந்தமையை '1' காட்டும். எனவே இது நாற்பத்தொன்றாவது பொருளாகும்.

பலமுறை நோக்கிச் சுற்றுப்பாதை உறுதியான பின்னரே நிலையான எண் வழங்கப்படும். அதன்பின் பத்து ஆண்டுகளுக்குள் பெயரை முன்மொழியும் உரிமை கண்டறிந்தவருக்கு உண்டு. எனினும், ஒப்புதல் தருவது பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழுவே. பெயர் பதினாறு ஆங்கில எழுத்துகளுக்கு மேற்படலாகாது; பிறர் மனத்தைப் புண்படுத்தலாகாது. வணிக நோக்குடைய பெயர்கள் ஏற்கப்படா. அரசியல், போர் ஆகியவற்றால் அறியப்பட்டோரின் பெயரைச் சூட்ட, அவர்கள் மறைந்து நூறு ஆண்டுகள் கழிய வேண்டும். செல்வமும் அதிகாரமும் விண்ணில் இடம்பிடிக்காதிருக்க இவ்விதிகள் துணைநிற்கின்றன.

உயிர் ஈந்தோரையும் வானியலார் மறக்கவில்லை. 2003இல் கொலம்பியா விண்ணோட விபத்தில் மறைந்த எழுவர் பெயர்களும் ஏழு சிறுகோள்களுக்குச் சூட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று கல்பனா சாவ்லாவின் பெயரைத் தாங்கியுள்ளது.

மேலே கண்ட '1988 டி க்யூ 1', ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்காணகத்தில் இராஜமோகன் என்னும் அறிஞரால் கண்டறியப்பட்டது. போக்சனின் காலத்திற்குப் பின், நூறாண்டு இடைவெளி கடந்து இந்திய மண்ணிலிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் அது. 4130 என்னும் எண்ணுடைய அதன் பெயர் 'இராமானுஜன்'. முதல் சிறுகோளில் ஒரு நாட்டின் மன்னருடைய பெயர் நிலைக்கவில்லை. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றி, கணிதத்தால் உலகை வியக்கவைத்து, முப்பத்திரண்டு வயதில் மறைந்த ஒருவரின் பெயரோ கதிரவனைச் சுற்றி வருகிறது.