ஆறாம் வகுப்பும் அலுமினியப் பவுடரும்

அறிவாளி யார் என்று கேட்டால் எங்கள் விருதுநகர்ப் பக்கம் விரல் தானாகப் பள்ளிக்கூடத்தைக் காட்டும். பிளஸ் டூ ரிசல்ட் வந்தால், தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்திலேயே முதலிடம் என்று பல வருஷம் தொடர்ந்து கேட்டுப் பழகிய மாவட்டம் இது. ஒரு வருஷம் கொஞ்சம் கீழே இறங்கினால் டீக்கடையில் விசாரணைக் கமிஷனே உட்கார்ந்துவிடும். அதே டீக்கடையில் காமராஜர் பேச்சு எழுந்துவிட்டால், "மனுஷன் ஆறாவதுதான் படிச்சாரு, பெரிய பெரிய ஆபீசரெல்லாம் அவர் முன்னால வாயடைச்சு நின்னான்" என்பார்கள். மகனை டியூஷனுக்கு விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர்தான் இதையும் சொல்வார்.

இரண்டில் எது சரி? டீயை நிதானமாகக் குடியுங்கள். பதில் சிவகாசிப் பக்கம் இருக்கிறது, கொஞ்சம் ரசாயனமும் வேண்டியிருக்கிறது.

பட்டாசு ஆலையில் மருந்து அறை என்பது வெடிமருந்து கலப்பதற்காக மற்ற கட்டடங்களிலிருந்து இடைவெளி விட்டுக் கட்டிய சின்ன அறை. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே ஒரு சில பேருக்கு மேல் கூடாது. செருப்பு கிடையாது, பருத்தித் துணிதான், இரும்புச் சாமான் எதுவும் உள்ளே வரக்கூடாது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் இவைதான் பெரும்பாலும் மூலப்பொருள். பச்சை நிறத்துக்கு முன்பு பேரியம் நைட்ரேட் சேர்த்தார்கள். சிவகாசியில் அதற்குப் பெயர் பச்சை உப்பு. 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்குத் தடை போட்டது.

அங்கே பழகிய கை யாருடையதாக இருந்தாலும் ஒரு விதியை மறக்காது: அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், ராத்தங்க விடக்கூடாது. ஈரம் பட்ட மருந்தை நம்பவே கூடாது.

ஏன்? அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதுமே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் படிந்துவிடும். அது இருக்கிறவரை தண்ணீரால் உலோகத்தை அவ்வளவாக ஒன்றும் செய்ய முடியாது. நைட்ரேட்டும் ஈரமும் கூடச் சேர்ந்தால் கதை மாறும். படலம் விட்டுப்போன இடத்தில் அலுமினியம் நைட்ரேட்டோடு வினைபுரிந்து அமோனியாவை உண்டாக்கும். அமோனியா காரம், காரம் படலத்தை அரிக்கும். படலம் போகப் போக வினை கூடும், வினை கூடக் கூடச் சூடு ஏறும், சூடு ஏறினால் வினை இன்னும் விரைவாகும். சாயங்காலம் மூடி வைத்த கலவை, ஒருவரும் தொடாமலே விடிவதற்குள் பற்றிக்கொள்ள இதுவே போதும். சில கலவைகளில் துளி போரிக் அமிலம் சேர்க்கிறார்களே, அது அந்தக் காரத்தை அடக்கி வைக்கத்தான்.

மருந்து அறையில் வேலை செய்கிற அம்மாவுக்கு விதி மனப்பாடம். காரணத்தை அவருக்கு உட்கார வைத்துச் சொன்னவர் அநேகமாக யாரும் இல்லை. பிளஸ் டூ படிக்கிற மகளுக்கு ஆக்சைடு படலமும் அமோனியாவின் காரத்தன்மையும் மனப்பாடம், பரீட்சையில் முழு மதிப்பெண்ணும் வரும். அம்மா ஏன் மீந்த மருந்துக்குப் பயப்படுகிறார் என்பது தெரியாது. ராத்திரி இருவரும் ஒரே அடுப்படியில் சாப்பிடுகிறார்கள். ஒரே பாடத்தின் இரண்டு பாதி எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறது, பேச்சு மட்டும் வேறு எதையோ பற்றி.

இவர்களில் யார் அறிவாளி? என் கணக்கில், விதியையும் காரணத்தையும் கோத்துப் பார்த்து, "நிலைமை மாறினால் இந்த விதி நிற்குமா?" என்று கேட்கிற கணத்தில்தான் அறிவாளியின் வேலை தொடங்குகிறது. புது பேன்சி ரகத்துக்கு முன்னைவிட நைசான அலுமினியப் பவுடர் வருகிறது என்று வையுங்கள். துகள் சிறுத்தால் மொத்தப் பரப்பு கூடும், வினைக்கு இடம் கூடும். பழைய பவுடரில் சாயங்காலம்வரை தாங்கிய கலவை இதில் மத்தியானம்வரை தாங்குமா? அனுபவம் மட்டும் இருந்தால் நேற்றுத் தாங்கியதே என்று தோன்றும். புத்தகம் மட்டும் இருந்தால் கேள்வியே எழாது.

இப்படிக் கேட்டவர்கள் இந்த மண்ணுக்குப் புதியவர்கள் அல்ல. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். மறுவருஷம் சிவகாசியில் தொழில் பிறந்தது. இயந்திரத்தோடு தொடங்கியவர்கள் பிறகு கைவேலைக்கு மாறினார்கள். மழை பொய்க்கிற ஊர், ஆள் கிடைக்கும், முதல் கிடைக்காது என்று கணக்குப் போட்ட மூளை அது. எந்தக் கல்லூரிப் பாடத்திலும் இல்லாத யோசனை என்று நான் வியப்பதுண்டு. ஆனால் அந்தக் கைவேலையில்தான் பின்னாளில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினார்கள். முதலாளியின் அறிவு வளர்ந்த இடத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் அறிவுக்குக் கதவு அடைத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

காமராஜர் விஷயத்துக்கு இப்போது வருவோம். ஆறு வயதில் தகப்பனாரை இழந்தவர். பள்ளியை விட்டு மாமாவின் துணிக்கடையில் நின்றார். பிறகு கட்சி, சிறை, பத்திரிகை, புத்தகம் என்று தானே படித்துக்கொண்டார். 1953-இல் அப்போதைய முதல்வர் ராஜாஜி ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார்: பிள்ளைக்குப் பள்ளியில் மூன்று மணி நேரம், மிச்ச நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில். எதிர்த்தவர்கள் வைத்த பெயர் குலக்கல்வி. பள்ளிக்கு வெளியேயும் அறிவு உண்டு என்பது அதில் இருந்த உண்மை, அதை நான் மறுக்க மாட்டேன். குயவர் சக்கரத்திலும் நெசவாளி தறியிலும் கணிதம் இருக்கிறது. ஆனால் குயவர் பிள்ளைக்குத்தான் சக்கரம் என்று வகுத்தால், வக்கீல் பிள்ளைக்கு எதை வகுப்பது? அவன் வீட்டில் மிச்ச நேரம் புத்தகம்தானே கிடைக்கும்!

1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். அடுத்த மாதமே அந்தத் திட்டம் போனது. 1956-இல் மதிய உணவு வந்தது. பள்ளிக்கு வெளியே கற்ற பெருமையை முழங்க அவரைவிட யாருக்கு உரிமை இருந்தது? அவர் முழங்கவில்லை. ஊரூராகப் பள்ளி திறந்தார். டீக்கடைப் பேச்சில் "ஆறாவது" நிற்கும், இந்தப் பகுதி உதிர்ந்துவிடும்.

இதே மாவட்டத்து மேலாண்மறைநாட்டில் மளிகைக் கடை நடத்திய எழுத்தாளர் மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்புக்கு மேல் போகாதவர். 2008-இல் 'மின்சாரப் பூ' தொகுப்புக்குச் சாகித்திய அகாதமி விருது வாங்கினார். அவரை உதாரணம் காட்டிப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள், வாழ்நாள் முழுக்க அவர் வாசித்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மருந்து அறைக்கே திரும்புகிறேன். கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கு. கலவையில் கை வைத்துப் பார்த்த ஒரு பெண், "இது கதகதன்னு இருக்கே அண்ணே" என்று போர்மேனிடம் சொல்கிறார். சொன்னால் வேலை நிற்கும். நின்றால் அறையில் உள்ள எல்லோருக்கும் அன்றைய கூலி குறையும். போர்மேன் ஆட்களை வெளியேற்றி, சூடேறிய காரணத்தை எல்லோருக்கும் விளக்கி, நின்ற நேரத்துக்கும் கூலி போட வைத்தால், அடுத்த முறை இன்னொருவரும் வாய் திறப்பார். கூலியைப் பிடித்தால், கை சூட்டை உணர்ந்தாலும் வாய் மூடியே இருக்கும்.