ஐரோப்பாவுக்கு முதல் டூரா? விசா கைக்கு வரும்வரை டிக்கெட் எடுக்காதீங்க!

ஈபிள் டவர், சுவிஸ் பனிமலை, வெனிஸ் படகு... சினிமா பாட்டில் பார்த்த ஐரோப்பாவை நேரில் பார்க்கும் ஆசை இப்போது பணக்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. மகன் ஜெர்மனியில் படிக்கிறான், மகள் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. சீட்டு போட்டு சேர்த்த பணத்தில் நாமும் ஒரு தடவை போய்விட்டு வரலாமே என்று பலரும் கிளம்புகிறார்கள்.

அந்த பணத்துக்கு முதல் ஆபத்து ஐரோப்பாவில் இல்லை. இங்கேயேதான் இருக்கிறது. ஆபரில் கிடைக்கிறதே என்று விமான டிக்கெட்டை முதலில் எடுத்து வைத்துவிட்டு, அதற்கு பிறகு விசாவுக்கு போய் நிற்பவர்கள்தான் அதிகம் கையை சுட்டுக்கொள்கிறார்கள். ஆபர் டிக்கெட்டை கேன்சல் செய்தால் பெரும்பாலும் பணம் திரும்ப வராது. விசா கிடைக்காவிட்டால் டிக்கெட் பணமும் போச்சு, விசா கட்டணமும் போச்சு.

2024-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் இருந்து சுமார் 11 லட்சம் பேர் ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்தனர். அதில் 1 லட்சத்து 65 ஆயிரம் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. அதாவது, கிட்டத்தட்ட 7 பேரில் ஒருவருக்கு கை விரிப்பு!

ஒரே விசா... 29 நாடு

ஷெங்கன் என்பது லக்சம்பர்க் நாட்டில் உள்ள ஒரு சின்ன கிராமம். எல்லையில் சோதனை இல்லாமல் போய் வரலாம் என்ற ஒப்பந்தம் 1985-ல் அங்கு கையெழுத்தானது. அதனால் அந்த பெயரே நிலைத்துவிட்டது. இப்போது இதில் 29 நாடுகள் இருக்கின்றன. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து எல்லாம் இதில் அடக்கம். ஒரு விசா வாங்கினால் அத்தனைக்கும் போகலாம். லண்டன் மட்டும் இதில் வராது. இங்கிலாந்துக்கு தனி விசா, தனி கட்டணம். முதல் டூரில் லண்டனையும் சேர்த்தால் செலவு எகிறும்.

2024 ஜூன் 11 முதல் ஷெங்கன் விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 வயது முதல் 11 வயது வரை 45 யூரோ. 6 வயதுக்கு கீழே இலவசம். ஒரு யூரோ 2025-லேயே 100 ரூபாயை தாண்டிவிட்டது. அந்த கணக்கில் தலைக்கு 9 ஆயிரம் ரூபாய்க்கு மேல். விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சர்வீஸ் சார்ஜ் இதற்கு மேல். விசா மறுக்கப்பட்டால் இதில் ஒரு காசு கூட திரும்ப வராது.

எந்த நாட்டு தூதரகத்தில் கேட்பது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டில்தான் கேட்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால், முதலில் கால் வைக்கும் நாடு. "அந்த நாட்டு விசா ஈசியா கிடைக்கும், அதில் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுற்றப் போகும் திட்டம் ஒன்று, விண்ணப்பம் வேறொன்று என்று தெரிந்தால் அதுவே சிக்கலாகிவிடும்.

பேங்க் பாஸ்புக்கில் உஷார்

தூதரக அதிகாரி பார்ப்பது இரண்டே விஷயம்தான். போய் வர பணம் இருக்கிறதா? போனவர் திரும்பி வருவாரா?

பணம் இருக்கிறது என்று காட்டுவதற்காக தெரிந்தவரிடம் 3 லட்சம் கைமாற்று வாங்கி, விண்ணப்பிக்கும் முந்தின வாரம் கணக்கில் போடுகிறார்கள். இதுதான் பெரிய தப்பு. வங்கி கணக்கில் பல மாத வரவு செலவை பார்க்கிறார்கள். மாதாமாதம் 20 ஆயிரம் புழங்கும் கணக்கில் திடீரென்று 3 லட்சம் விழுந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அதைவிட, ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே சீட்டு பணமோ சம்பளமோ எது வந்தாலும் கணக்கு வழியாக வரும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

திரும்பி வருவார் என்பதற்கு வேலை செய்யும் இடத்தில் லீவு கொடுத்த கடிதம், சம்பள சீட்டு, வருமான வரி கணக்கு இருந்தால் அது, கடை வைத்திருந்தால் பதிவு சான்றிதழ் எல்லாம் உதவும். பிள்ளை ஜெர்மனியில் வேலை பார்த்தால், அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் "இவர்கள் செலவை நான் ஏற்கிறேன்" என்று உறுதிமொழி பத்திரம் எழுதி அனுப்பலாம். அதற்கு பிள்ளைக்கு போதுமான சம்பளம் இருக்க வேண்டும். இன்னும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை என்றால் அது கஷ்டம்தான்.

பயண இன்சூரன்ஸ் கட்டாயம். மருத்துவ செலவுக்கு குறைந்தது 30 ஆயிரம் யூரோ கவரேஜ் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குள் வாங்கியதாக, ஐரோப்பாவை விட்டு கிளம்பும் நாளில் இருந்து இன்னும் 3 மாதமாவது செல்லுபடியாவதாக, 2 பக்கம் காலியாக இருக்க வேண்டும். தங்கும் இடத்துக்கு இலவசமாக ரத்து செய்யும் வசதி உள்ள புக்கிங் போதும். விமானத்துக்கும் போக வர ரிசர்வேஷன் விவரம் இருந்தால் போதும், முழு பணம் கட்டிய டிக்கெட் தேவையில்லை.

"100 சதவீதம் விசா கேரண்டி" என்று போர்டு வைப்பவர்களிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம். விசா கொடுப்பது தூதரகம். புரோக்கர் எப்படி கேரண்டி கொடுக்க முடியும்? போலி பேங்க் ஸ்டேட்மெண்ட், போலி ஓட்டல் புக்கிங் வைத்து மாட்டினால் விசா போவதோடு முடியாது. விசா விவரங்கள் 29 நாடுகளும் பார்க்கும் கம்ப்யூட்டரில் 5 ஆண்டு வரை இருக்கும். கைநாட்டு, போட்டோ உள்பட!

நம்ம கோடை வேற, அவங்க கோடை வேற

நம்ம ஊரில் பள்ளி லீவு ஏப்ரல், மே. ஐரோப்பாவில் கோடை என்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்டு. ஜூலை, ஆகஸ்டில் அங்குள்ளவர்களே லீவு போட்டுவிட்டு ஊர் சுற்ற கிளம்புவதால் ரூம் வாடகை உச்சத்தில் இருக்கும். சிக்கனமாக போக நினைப்பவர்களுக்கு நம்ம மே மாதம் ஒரு வரப்பிரசாதம். குளிரும் போயிருக்கும், கூட்டமும் ஏறியிருக்காது. மே கடைசியில் பாரிசில் இரவு ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறைகிறது. ஒரு நாள் வாடகையில் ஒன்றரை நாள் சுற்றின மாதிரி.

ஐரோப்பா என்றாலே குளிர் என்று மூட்டை மூட்டையாக ஸ்வெட்டர் கட்டிக்கொண்டு ஜூலையில் போகிறவர்களும் உண்டு. 2019 ஜூலை 25-ல் பாரிசில் 42.6 டிகிரி வெயில் அடித்தது. வேலூர் வெயில்! மலிவான தங்கும் விடுதிகளில் ஏ.சி. இருக்காது, சிலவற்றில் பேன் கூட இருக்காது.

பயண தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை இழுக்கலாம். மே மாதம் போவதென்றால் ஜனவரி, பிப்ரவரியிலேயே சென்னை விசா மையத்தில் கைரேகை கொடுக்க நாள் வாங்கிவிட வேண்டும். ஏப்ரலில் போய் நின்றால் இடம் இருக்காது. அந்த நேரத்தில்தான் "ஸ்லாட் வாங்கி தர்றேன்" என்று காசு கேட்கும் ஆட்கள் முளைக்கிறார்கள்.

10 நாளில் 8 நாடு வேண்டாம்

"10 நாளில் 8 நாடு" என்று விளம்பரம் பார்த்தால் லாபம் போல தெரியும். உண்மையில் பாதி நாள் பஸ் ஜன்னலிலேயே கழியும். தானாக போகிறவரும் அதே மாதிரி திட்டம் போட்டால் பணம் பூராவும் பயணத்துக்கே போய்விடும். பாரிசில் இருந்து ரோம் 1,400 கிலோமீட்டர். சென்னைக்கும் மும்பைக்கும் உள்ள தூரத்தை விட அதிகம்!

முதல் டூருக்கு ஒரே கோட்டில் இருக்கும் மூன்று ஊர் போதும். உதாரணத்துக்கு பிராக், வியன்னா, புடாபெஸ்ட். பிராகில் இருந்து வியன்னா ரெயிலில் 4 மணி நேரம். அங்கிருந்து புடாபெஸ்ட் 2 மணி 40 நிமிடம். வியன்னாவில் இருந்து ஒரு மணி நேரத்தில் சுலோவாக்கியா தலைநகர் பிராட்டிஸ்லாவாவுக்கு போய் மாலையே திரும்பலாம். பத்து நாளில் நாலு நாடு பார்த்த கணக்கு வந்துவிடும். ஹாஸ்டலில் ஒரு படுக்கை பிராக், புடாபெஸ்ட்டில் 20, 30 யூரோவுக்கு கிடைக்கும். அதே படுக்கைக்கு பாரிசில் 40, 50 என்று கேட்பார்கள். ஆஸ்திரியா, சுலோவாக்கியாவில்தான் யூரோ. செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் போரின்ட்.

விமான டிக்கெட் எடுக்கும்போது பிராகில் இறங்கி புடாபெஸ்ட்டில் இருந்து திரும்புவது போல 'மல்டி சிட்டி' என்று கேளுங்கள். இறங்கின ஊருக்கே திரும்பி வரும் ரெயில் காசும் ஒரு நாளும் மிச்சம்.

ரெயிலில் இஷ்டத்துக்கு சுற்ற 'யூரெயில்' பாஸ் இருக்கிறது. ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு உள்ளது. ஆனால் மூன்று ஊருக்கு அது வேண்டியதில்லை. தனித்தனியாக முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் விலை பெரும்பாலும் அதை விட குறைவாகவே வரும். பாஸ் இருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினில் அதிவேக ரெயிலில் ஏற சீட் ரிசர்வேஷனுக்கு தனியாக காசு கட்ட வேண்டும். இது தெரியாமல் பிளாட்பாரத்தில் முழிப்பவர்கள் ஏராளம்.

மலிவு விமானத்திலும் இதே கதைதான். டிக்கெட் 20 யூரோ என்று இருக்கும். காலுக்கு கீழே வைக்கும் சின்ன பை மட்டும்தான் இலவசம். சூட்கேசுக்கு தனி காசு. "பாரிஸ்" என்று போட்டு இறக்கிவிடும் பொவே விமான நிலையம் பாரிசில் இருந்து 80 கிலோமீட்டருக்கு மேல்!

காசு கொடுக்காமல் பார்க்க...

லக்சம்பர்க்கில் 2020-ல் இருந்து பஸ், டிராம், இரண்டாம் வகுப்பு ரெயில் எல்லாம் நாடு முழுக்க இலவசம். வெளிநாட்டுக்காரருக்கும்தான். ரோமில் கொலோசியம் போன்ற அரசு இடங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். வாடிகன் மியூசியம் கடைசி ஞாயிறு இலவசம், கூட்டம் மட்டும் திருப்பதி மாதிரி இருக்கும். தீ விபத்துக்கு பிறகு 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட பாரிஸ் நாட்டர்டாம் தேவாலயத்துக்கும் கட்டணம் இல்லை. ஆனால் மோனலிசா படம் இருக்கும் லூவர் மியூசியத்தில் 2026 ஜனவரி முதல் ஐரோப்பியருக்கு 22 யூரோ, நம்மைப் போன்றவர்களுக்கு 32 யூரோ. இதை முன்பே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

ரோமில் தெருவுக்கு தெரு குழாயில் நல்ல தண்ணீர் கொட்டுகிறது. பாட்டில் வாங்க வேண்டாம். ஸ்டேஷன் கழிவறைக்குத்தான் பல ஊரில் அரை யூரோ, ஒரு யூரோ சில்லறை வைத்திருக்க வேண்டும்.

பிராக், புடாபெஸ்ட் மெட்ரோவில் பேப்பர் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. மெஷினில் குத்தி நேரம் பதிய வேண்டும். பதியாத டிக்கெட்டோடு மப்டி பரிசோதகரிடம் சிக்கினால் அபராதம். டிக்கெட் வாங்கினேனே என்ற வாதம் எடுபடாது.

ஜேப்படி கில்லாடிகளும் கோடையில்தான் ஓவர்டைம் பார்க்கிறார்கள். பாரிஸ் மெட்ரோ, ரோம் டெர்மினி ஸ்டேஷன், பார்சிலோனா ராம்ப்ளா வீதி... இங்கெல்லாம் ஒருவர் கையெழுத்து கேட்டு பேப்பரை நீட்டுவார், கையில் கயிறு கட்ட வருவார். இன்னொருவர் பர்சை அபேஸ் செய்வார். பாஸ்போர்ட்டை பேண்ட் பின்பாக்கெட்டில் வைக்கவே கூடாது. ஏ.டி.எம்.மில் "ரூபாயில் கணக்கு பார்க்கலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த ரேட்டில் நமக்குத்தான் நஷ்டம்.

பால்கோவா கொண்டு போகலாமா?

கூடாது. இறைச்சி, பால் பொருட்களை வெளிநாட்டில் இருந்து கொண்டுவர ஐரோப்பிய யூனியன் தடை வைத்திருக்கிறது. நெய், பால்கோவா, நெய் மைசூர்பாகு எல்லாம் சிக்கினால் குப்பைத்தொட்டிக்குத்தான். பச்சை கறிவேப்பிலையும் வேண்டாம். பருப்பு பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அரிசி தாராளமாக போகும். சமையலறை உள்ள ஹாஸ்டலாக பார்த்து எடுத்தால் ஒரு வேளை சாப்பாடு நம்ம கையில். ரொட்டி, முட்டை, பழம் சூப்பர் மார்க்கெட்டில் மலிவு. ஜெர்மனி, ஆஸ்திரியாவில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை கடைகளுக்கு லீவு, சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும்.

பிள்ளையைப் பார்க்க பாரிஸ் போகிறவர்களுக்கு அந்த கவலையும் இல்லை. பாரிஸ் வடக்கு ரெயில் நிலையம் பக்கத்தில் லா சாப்பல் பகுதி முழுக்க இலங்கை தமிழர்களின் கடைகள். தோசை, இடியாப்பம், கொத்து ரொட்டி, வாழைக்காய், முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். பெயர்ப்பலகையே தமிழில்தான்.