ஒரு புள்ளியில் வந்த பட்டம்

கிரிக்கெட்டில் சென்னை அணி வென்றால் நம் போபோடித் தெருக்களில் பட்டாசு வெடிக்கிறது. வெடிக்கட்டும், நமக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் கால்பந்தாட்டத்தில் தமிழ்நாட்டுக் கழகமொன்று அகில இந்தியப் பட்டத்தை வென்ற செய்தியை நம் இல்லங்களில் பலர் அறியார். 2018-19 ஆம் ஆண்டுப் பருவத்தின் அந்த வரலாற்றை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

ஐ-லீக் என்னும் அப்போட்டியில் அவ்வாண்டு 11 கழகங்கள் ஆடின. ஒவ்வொரு கழகமும் மற்றொன்றைத் தன் ஊரில் ஒருமுறையும் அதன் ஊரில் ஒருமுறையும் சந்திக்க வேண்டும். ஆக 20 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, சமன் செய்தால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. ஒருநாள் அதிர்ஷ்டம் இங்கே செல்லாது. ரெயில்வேக்காரர் வழக்கில் சொல்வதானால், ஒருநாள் வண்டி நேரத்திற்கு வந்தது பெருமையன்று. ஐந்து மாதமும் நேரத்திற்கு வரவேண்டும்.

சென்னை சிட்டி என்பது கழகத்தின் பெயர். ஆனால் சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கம். (சென்னையின் எஃப்.சி. என்பது வேறு கழகம். பலரும் இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கின்றனர்.) 2016-17 இல் இப்போட்டியில் நுழைந்து, முதலிரு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே கிடந்த கழகம் அது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயின் நாட்டிலிருந்து பெத்ரோ மான்சி, நெஸ்டர், சாந்த்ரோ முதலியோர் வந்தனர். எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார், சார்லஸ் ஆனந்தராஜ் என நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களுடன் தோளோடு தோள் நின்று ஆடினர். நமக்குப் பெரிதாகத் தோன்றுவது இதுவே. அயல்நாட்டாரை விலைகொடுத்து அழைத்துவரலாம். அவர்களோடு இணைந்து ஓட உள்ளூரில் ஆள் இருக்கவேண்டுமே!

1920 இல் தோன்றிய கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் 2004 க்குப் பின் தேசியப் பட்டம் காணாத ஏக்கத்தோடு அவ்வாண்டு துரத்தி வந்தது. அந்தப் புகழ்பெற்ற கழகத்தைச் சென்னை சிட்டி அதன் ஊரிலும் வென்றது, கோவையிலும் வென்றது. இரண்டு முறையும் 2-1. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 39. முந்தைய ஆட்டத்திலேயே முடித்திருக்கவேண்டிய காரியம். அதில் தோற்றதால் இந்தத் தவிப்பு. கோவையில் சென்னை சிட்டி மினெர்வா பஞ்சாபுடனும், கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவுடனும் ஒரே வேளையில் ஆடின. மூன்றாம் நிமிடத்திலேயே பஞ்சாப் அணி ஒரு கோல் போட்டுவிட்டது! இடைவேளை வரை அதே நிலை. பின்பாதியில் கிடைத்த பெனால்டியை மான்சி கோலாக்கினார். அதன்பின் இரண்டு கோல்களையும் அடித்தவர், தற்காப்பு ஆட்டக்காரரான அசாமிய இளைஞர் கௌரவ் போரா. 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் 2-1 என வென்றிருந்தது. ஆகவே 43 க்கு 42. கோவையில் ஆட்டம் சமனாகியிருந்தாலும் பட்டம் கல்கத்தாவுக்கே போயிருக்கும். மான்சி அப்பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். நம் அலுவலகத்து வங்காள நண்பர் ஒருவர், "அந்த இரண்டு 2-1 தான் எங்களைக் கொன்றது" என்று இன்றும் சொல்வார். கணக்குப் பார்த்தால் அவர் சொல்வது சரியே.

புனேயில் வாழும் நமக்கு இக்கதையில் வேறொரு பாத்தியதையும் உண்டு. நமக்கு அருகிலுள்ள பாலேவாடி அரங்கில் ஆடிய புனே எஃப்.சி., 2009-10 இல் மூன்றாவதாகவும் 2012-13 இல் சர்ச்சில் பிரதர்ஸுக்கு அடுத்து இரண்டாவதாகவும் வந்தது. 2015 உடன் அக்கழகம் மறைந்தது. பின்னர் வந்த டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் 2017 இல் விலகிற்று. இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடிய எஃப்.சி. புனே சிட்டி 2019 இல் கலைந்தது. அதன் இடத்தில் ஹைதராபாத் கழகம் வந்தது.

வென்ற கழகத்தின் நிலையும் அதுவே. 2019-20 முதல் சூப்பர் லீக்கே நாட்டின் முதல்நிலைப் போட்டியென ஆயிற்று; ஐ-லீக் இரண்டாம் படிக்கு இறங்கியது. பட்டம் வென்றவர்க்கு மேலே ஏற வழி வைக்கப்படவில்லை. பரீட்சையில் முதல்வனாகத் தேறிய மாணவனை அதே வகுப்பில் உட்கார வைத்து, வகுப்பின் எண்ணை மட்டும் குறைத்ததற்கு ஒப்பாகும் இது. 2020 ஜனவரியில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா கழகத்திடம் 0-1 என்று தோற்றது. 2020-21 க்குப் பின் சென்னை சிட்டியை அப்போட்டியில் காணோம்.

வீரர்கள் கலைந்தனர். மான்சி ஜப்பானின் நீகாட்டாவுக்குச் சென்றார். எட்வின் சென்னையின் எஃப்.சி.யிலும், ஜேசுராஜ் 2020 இல் கோவாவிலும் சேர்ந்தனர். நெஸ்டர் போனதோ, புனேயின் இடத்தில் தோன்றிய அதே ஹைதராபாத் கழகத்திற்கு.